வழுக்கைத் தலைக்கு ஒரு கத்தரிக்கோல்

எழுபதுகளில் ராகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சம்பளக் கணக்கு எழுதும் கிளாக்கர் ஐயா ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மூக்கு நுனியில் கண்ணாடி நிற்கும். ஆங்கிலச் சம்பளத் துண்டு எங்களுக்கு விளங்கவில்லை என்று, சம்பளத்தில் பிடிக்கிற காசுக்கெல்லாம் படம் போடத் தொடங்கினார். அரிசிக்கு மூட்டை, கோயிலுக்கு மணி. வரைந்ததும் வழியில் போகிறவர்களை மறித்து, "இது என்னெண்டு சொல்லுங்கோ" என்பார். சொல்லத் தெரியாவிட்டால் அழித்துவிட்டு மறுபடி வரைவார்.

சம்பளத்தன்று குழப்பம் வந்தால் மறுபடி பழைய ஆங்கிலத் துண்டுதான் என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியிருந்தார்.

முதல் சம்பளத்திலேயே என் வீட்டுக்காரர் துண்டோடு போய் நின்றார். அவருக்கு முழு வழுக்கை.

"கத்தரிக்கோல் போட்டிருக்கீங்களே, முடி வெட்டுற காசுங்களா? எந்த முடிங்க ஐயா?"

வரிசையே சிரித்தது. துரை எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு காலமும் ஏன் கேக்கேல்லை?" என்றார் ஐயா.

"இப்பதானுங்களே தெரியுது."

ஐயாவின் முகம் மலர்ந்தது. துரையிடம் போய் என்ன சொன்னாரோ, துரையும் சிரித்தார். படத் துண்டு தப்பியது.

அடுத்த மாதம் கத்தரிக்கோலைக் காணோம். அந்த இடத்தில் சவரக்கத்தி, பிடித்தது பாதிக் காசு. மாதாவுக்கு நேர்ந்து வளர்த்த தாடியைத் தடவிக்கொண்டு என் வீட்டுக்காரர் மறுபடி புறப்பட்டார்.

எங்களைக் கேட்க வைத்த அந்த ஐயாவுக்காக இன்றும் மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அவ்வளவு பெரிய தாடியைப் பார்த்த பிறகும் சவரக்கத்தி வரைய அவருக்கு எப்படித்தான் மனம் வந்ததோ, அது மாதாவுக்குத்தான் தெரியும்.