மடியில் உட்கார்ந்த பிள்ளை

இன்று நிலக்கோட்டை பஸ்ஸில் சரியான கூட்டம்.

நின்றுகொண்டிருந்த ஒரு அம்மா, "செத்த நேரம் வச்சுக்கங்கக்கா" என்று தன் மகளை என் மடியில் இறக்கிவிட்டாள். நம்ம ஊரில் இதற்கெல்லாம் யார் சம்மதம் கேட்கிறார்கள்?

பிள்ளை என் துப்பட்டாவைப் பிடித்தபடியே தூங்கிவிட்டது.

போன மாதம் எங்கள் சபையிலிருந்து ஊழியத்துக்காக இலங்கை போயிருந்தோம். அங்கே ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்தில், ஜெபத்தின்போது பக்கத்தில் நின்ற சிறுமியை இதே பஸ் பழக்கத்தில் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து நான் எங்கே உட்கார்ந்தாலும் முன்னால் வந்து நின்றாள்.

இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மடியில வைக்க வேணாம் மிஸ். நீங்க போயிருவீங்க. அவ கேட் பக்கத்துலயே நிப்பா."

நாங்கள் கிளம்பியபோது கேட் பக்கத்தில்தான் நின்றாள். அழவில்லை.

இன்று நிலக்கோட்டை வந்ததும், "வா தங்கம், எறங்குவோம்" என்று அந்த அம்மா கை நீட்டினாள். கண் விழித்த பிள்ளை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாவிப் போய் அவள் தோளில் சாய்ந்துகொண்டது.

அதைப் பார்க்க எனக்கு அம்புட்டு நிம்மதியாக இருந்தது.

இறங்கப் பார்த்தால் கால் மரத்துப்போயிருந்தது. அதற்கு மட்டுமாவது வைத்தியம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.