சம்மட்டியும் என் அடுப்புப் புகையும்

அவளுக்குச் சம்மட்டி என்று பெயர் வைத்தது கூட வேலை பார்த்தவர்கள். பழைய வீடுகளை இடிக்கும் ஆட்களில் சம்மட்டி பிடித்த ஒரே பெண் அவள்தான். சுவரை மட்டும்தான் அடிப்பாள் என்று நினைத்துவிடாதீர்கள். கையைப் பிடித்து இழுத்த மேஸ்திரி ஒருவனுக்கு முன்பல் இரண்டு இன்றைக்கும் இல்லை. எனக்கு மட்டும் வாய் குறைச்சலா என்ன? அதனால்தான் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாக ஐந்து வருஷம் குடியிருக்க முடிந்தது.

சுவர் என்று பேருக்குத்தான் சொல்கிறேன். தகரக் கூரைக்கு ஒரு முழம் கீழேயே அது நின்றுவிடும். விடுதிகளின் படுக்கை விரிப்புகளை அண்டாவில் அவித்து வெளுப்பது என் பிழைப்பு. முற்றத்தில் அடுப்பு வைக்க வீட்டுக்காரர் விடவில்லை, அவருடைய வெள்ளைச் சுவர் கறுத்துப்போகுமாம். ஆகவே பகலெல்லாம் அறைக்குள்தான் எரிப்பேன். விறகுக்குப் பஞ்சமில்லை. இடித்த வீடுகளின் ஜன்னல் சட்டங்களைச் சம்மட்டியே தோளில் சுமந்து வந்து போடுவாள். “வச்சுக்கோக்கா, அங்க சும்மாதான் கெடக்குது” என்பாள். பெயிண்ட் பூசிய கட்டை, குபீரென்று பற்றும். கண் எரியும், தொண்டை கமறும். எனக்கு அது பழகிப்போயிருந்தது.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்று மாதத்திலேயே வேலைக்குப் போய்விட்டாள். புருஷன் இரவுக் காவலாளி, பகலில் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குவான். மத்தியானம் இவள் ஓட்டமாக வந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவாள்.

ஏழாம் மாதத்தில் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐஸ் வண்டிக்காரன் விளையாட்டுக்கு அதன் உதட்டில் ஐஸைத் தடவியிருந்தான். போதாதா இவளுக்கு? நடுத்தெருவில் வண்டியைக் கவிழ்த்து, அவனையும் புரட்டி எடுத்துவிட்டாள். பாவம், அவன் என்ன செய்தான்! அடுத்த மாதமே மறுபடி இருமல். இந்தத் தடவை புருஷனின் பீடி கண்ணில் பட்டது. விளக்குமாற்றுக் கட்டையால் விளாசினாள், நாலு நாள் அவனுக்கு உதடு வீங்கிக் கிடந்தது. அதோடு பீடியை விட்டான். அந்த அடியில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பத்தாம் மாதத்தில் வந்ததுதான் பொல்லாதது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் குழந்தையின் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. பால் இறங்கவில்லை, உதடு நீலம் பாரித்துவிட்டது. நிமோனியா என்று மூக்கில் குழாய் வைத்துப் படுக்க வைத்தார்கள். வார்டு நர்ஸ் இவளைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள்.

“மூணாவது தடவையாம்மா? வீட்டுல வெறகு அடுப்பா?”

“இல்லீங்க, கேஸ்தான்.”

“பக்கத்துல யாராவது எரிக்கிறாங்களா? ஜன்னல் இருக்கா? நாள் பூரா புகையில கெடந்தா பிஞ்சு நெஞ்சு என்னத்துக்கு ஆகும்? எந்தக் கிருமி வந்தாலும் லேசா புடிச்சுக்கும்.”

அவ்வளவுதான். நான் அண்டாவைக் கிளறிக்கொண்டிருக்கிறேன், கதவு படாரென்று திறக்கிறது. கையில் சம்மட்டி. “என் புள்ளையக் கொல்லப் பாத்தியாடி?” என்று ஒரே போடு. அடுப்பு சிதறியது, அண்டா கவிழ்ந்தது, கொதிக்கிற தண்ணீர் என் பாதத்தில் கொட்டியது. உயிர் போகிற வலி. விட்டேனா? அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினேன். அவள் என் தோளைக் கடித்துச் சதையைப் பிய்த்தாள். ஈர விரிப்புகளுக்கு மேல் இரண்டு பேரும் கட்டிப் புரண்டோம். ரத்தம் யாருடையது என்றே தெரியவில்லை.

கடைசியில் என் வாய்தான் ஜெயித்தது. “யாரு கொண்டாந்து போட்ட வெறகுடி இது? நானா கேட்டேன்? உன் புள்ளைக்கு நீயேதான்டி கொள்ளி சுமந்து வந்திருக்க!”

அவள் பிடி தளர்ந்தது. சிதறிக் கிடந்த சட்டங்களைப் பார்த்தாள், பச்சை பெயிண்ட் பாதி கருகியிருந்தது. சம்மட்டியை எடுக்காமலே வெளியே போய்விட்டாள். வேண்டுமடி உனக்கு என்று நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் அவள் புருஷன் வந்து வாசலில் நின்றான். “அக்கா, குழந்தைக்கு மூச்சு வாங்குறது கொறஞ்சிடுச்சு, பால் குடுக்கலாம்னு சொல்லிட்டாங்க. இவ கிட்டயே போக மாட்டேங்குறா. புட்டிப் பால அது தொடவே மாட்டேங்குது. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா.”

கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு போனேன். வார்டுக்கு வெளியே தரையில் குந்தியிருந்தாள். சேலையின் மார்புப் பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது. உள்ளே குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் முனகுவது வாசல் வரை கேட்டது.

“எந்திரிடி.”

“நான் தொட மாட்டேன்க்கா. என் கையே வெசம். நான் தொட்டா செத்துரும்.”

எனக்குக் கண்மண் தெரியவில்லை. ஓங்கி ஒரு அறை விட்டேன். திருப்பி அடிப்பாள் என்று பார்த்தேன், கன்னத்தைக் காட்டிக்கொண்டு இருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்னொன்று விட்டேன். முடியைப் பிடித்துத் தரதரவென்று உள்ளே இழுத்துப் போனேன். நர்ஸ் கத்தினாள், யாரோ என் கையைப் பிடித்தார்கள், உதறிவிட்டேன். அவளை நாற்காலியில் தள்ளி, குழந்தையைத் தூக்கி மடியில் போட்டு, “குடுடி, பாவி!” என்றேன்.

குழந்தை மோந்து பார்த்தது. கவ்வியது. இரண்டு இழுப்பு, நிறுத்தி மூச்சு வாங்கியது, மறுபடி இரண்டு இழுப்பு. சம்மட்டி வாய்விட்டு அழுதாள். அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நர்ஸ் என்னைக் கதவுப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாள். “ஆஸ்பத்திரியில வந்து அடிதடியா? குழந்தைக்கு நீங்க யாரு?”

பக்கத்து வீடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“அந்தப் புகை என் அடுப்போடதும்மா” என்றேன்.