வெள்ளிக்கு நிலா இல்லை

வெள்ளிக் கிரகத்துக்கு நிலா கிடையாது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஒன்பது வயதிலேயே வயிறெரிந்து தெரிந்துகொண்டவள் நான்.

அப்போது மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்தோம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியார். பெற்றோர் விழாவுக்குக் கிரகங்களை நடிக்கவைக்கப் போவதாக ஒருநாள் சொன்னார். காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களம்தான் வானம். அதில் நாலு வட்டத்துக்கு மேல் போட இடமில்லை. சூரியனுக்குக் கிட்ட இருக்கிற நாலு கிரகம் போதும் என்றுவிட்டார். மஞ்சள் துணி சுற்றிக் கவிழ்த்த கொழுந்துக் கூடைதான் சூரியன்.

கோதுமை மா வந்த சாக்கை வெளுத்து அம்மா தைத்த வெள்ளைச் சட்டை இருந்ததால் நான் வெள்ளி. எல்லாவற்றிலும் பளிச்சென்று தெரிவது வெள்ளிதான் என்று வாத்தியார் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கணக்கப்பிள்ளையின் மகளிடம் நீலக் கவுன் இருந்தது; கடல் நிறைந்த பூமி அவள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பூமிக்கு நிலா வேண்டுமென்று என் சிநேகிதியையல்லவா எழுப்பி அவளிடம் அனுப்பினார்!

ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கொண்ட எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்தவள் அவள். எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதி. நடுச்சுவரில் நான் தட்டினால் அந்தப் பக்கமிருந்து அவள் தட்டுவாள். எனக்கும் ஒரு நிலா தாருங்கள், அவளே வரட்டும் என்று கேட்டேன். வெள்ளிக்கும் புதனுக்கும் நிலா இல்லை, தனியாகத்தான் சுற்ற வேண்டும் என்றார். மூக்கொழுகிப் பையன் ஒருவன் செவ்வாய். அவனுக்குக்கூட இரண்டு நிலா, அவன் தம்பிமார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் ஒத்திகை என்று அவள் கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தால் வாயில் பிஸ்கட் வாசம். சுவரைத் தட்டினேன், பதில் இல்லை. தூங்கிவிட்டாளாம். விளக்கு வைத்ததும் எந்தப் பிள்ளை தூங்கும்?

நிலாவுக்கு மட்டும் வாத்தியார் ஒரு கட்டளை போட்டிருந்தார். நிலா பூமிக்கு எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுமாம். அதனால் பூமியைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாதாம். விழாவன்று அவள் பூமியைச் சுற்றிக்கொண்டு என் வட்டத்துப் பக்கம் வந்தபோதெல்லாம் எனக்கு முதுகுதான் தெரிந்தது. என்னைப் பார்க்கவென்று அம்மா முன்னால் வந்து நின்றாள். நான் என் சிநேகிதியின் இரட்டைப் பின்னலையே பார்த்துக்கொண்டு சுற்றினேன். கிட்ட வந்தபோது மெதுவாகச் சொன்னேன்.

"ஒரு தரம் திரும்புடி."

திரும்பவில்லை. நிலாதான் கொஞ்சமும் பிசகாமல் செய்தது என்று வாத்தியார் எல்லார் முன்னாலும் மெச்சினார்.

கூட்டம் கலைந்ததும் அவள் கையைப் பிடித்தேன்.

"நாடகம் முடிஞ்சிருச்சுல்ல. வா, லயத்துக்குப் போவோம்."

"நீ போ புள்ள. அவங்க வீட்டுல என்னைய வரச் சொல்லியிருக்காங்க" என்று கையை உருவிக்கொண்டாள்.

எல்லாரையும்விட நான்தான் பளிச்சென்று இருந்ததாக அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வளைவில் நின்று பார்த்தேன். நீலக் கவுன்காரியின் முகத்தையே பார்த்தபடி அவள் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்க்கச் சொல்ல இப்போது வாத்தியார் பக்கத்தில் இல்லை.