அட்மிஷன் ரூமில் நான் சொன்ன பதில்

ரூம் ஃப்ரெஷ்னரின் அந்த மல்லிகை வாசனை எங்காவது ஆபீஸ் வாசலில் அடித்தால் இன்றைக்கும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய்விடுவேன்…

ஏழெட்டு வருஷம் இருக்கும். திருப்பதி பைபாஸ் ஓரம் ஒரு தனியார் எம்பிஏ காலேஜ். அதன் அட்மிஷன் ரூமில்தான் எனக்கு முதல் வேலை. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். உள்ளே ஏசி, மல்லிகை ரூம் ஃப்ரெஷ்னர், கண்ணாடி மேஜை, பளபளவென்று பிரோஷர். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிற அப்பாக்கள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வருவார்கள். யாரும் கழற்றச் சொன்னதில்லை.

நானும் அங்கே படித்தவன்தான். அரசுப் பல்கலைக்கழகத்தில் குறைந்த ஃபீஸில் கிடைத்த சீட்டை விட்டுவிட்டு, 'கேம்பஸ் இன்டர்வியூ' என்ற ஒரு வார்த்தையை நம்பி வந்தவன். பாதி கிளாஸுக்கு ஆள் வராமலே படிப்பு முடிந்து, எங்கும் வேலை கிடைக்காமல் நின்றபோது, காலேஜே கூப்பிட்டு என்னை அந்த மேஜையில் உட்கார வைத்தது. டை கட்டிய என் போட்டோவை, வேலை கிடைத்தவர்கள் வரிசையில் சுவரில் ஒட்டினார்கள்.

ஒருநாள் நகரியிலிருந்து முனிரத்தினம் என்பவர் மகள் சுகுணாவோடு வந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர். தெலுங்கில்தான் பேச்சை ஆரம்பித்தார். நான் புத்தூர்ப் பக்கத்துத் தமிழ் ஆள் என்று தெரிந்ததும் முகமே மாறிவிட்டது.

"நம்ம ஆளா நீங்க? அப்ப பயமில்ல. எனக்கு இந்தப் படிப்பப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். அவதான் எல்லாம் எழுதிக்கினு வந்துகீறா. கேக்குறதுக்கு பதில் சொன்னீங்கன்னா போதும்."

சுகுணா ஒரு நோட்டைத் திறந்து மேஜையில் வைத்தாள். நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. ஒரு பக்கம் அரசுப் பல்கலைக்கழகம், இன்னொரு பக்கம் நாங்கள். ஃபீஸ், படிப்பு, பேரு, வேலை என்று நாலு வரி. ஃபீஸில் நாங்கள் மூன்று மடங்கு. வேலை என்ற இடத்தில் அங்கே 'தெரியல', எங்களுக்கு 'நூறு சதவீதம்'. எங்கள் பிரோஷரில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தாள். படிப்பு என்ற இடத்தில் மட்டும் எங்கள் பக்கம் ஒரு கேள்விக்குறி.

"சார், இங்க எப்படி சொல்லிக் குடுப்பாங்க? அங்க ரொம்ப வருஷமா இருக்குற லெக்சரருங்க இருக்காங்கன்னு சொல்றாங்க. அதான் யோசிக்கிறேன்."

அதற்குள் முனிரத்தினம் சுவரைப் பார்த்துவிட்டார்.

"இது நீங்கதானே சார்? இங்க படிச்சி வேலையும் கெடச்சிதா?"

"கெடச்சிது," என்றேன்.

அது பொய் இல்லை. அதுதான் கேவலம்.

கதவோரம் நின்றிருந்த ஆபீஸ் மேனேஜர் என்னிடம் தணிந்த குரலில், "ஈ பாப்பனி வதலொத்து," என்றார். இந்தப் பெண்ணை விட்டுவிடாதே என்று. அந்த மாத டார்கெட்டில் எனக்கு இன்னும் நாலு அட்மிஷன் பாக்கி இருந்தது.

"நல்லா சொல்லிக் குடுப்பாங்கம்மா. எழுதிக்கோ," என்றேன்.

அவள் கேள்விக்குறியை அடித்துவிட்டு, 'நல்லா சொல்லிக் குடுப்பாங்க' என்று பக்கத்தில் எழுதிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்…

"தறியில டபுள் ஷிப்ட் போட்டுக்கலாம், விடு," என்று முனிரத்தினம் மகளிடம் சொல்வது கேட்டது.

அடுத்த வருஷம் ஃபைனான்ஸ் எடுத்த சார் சம்பளம் வராமல் நடுவிலேயே நின்றுவிட்டார். பத்து நாள் கிளாஸ் காலியாகவே போனது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நீயும் எம்பிஏதானே, போய் எடு என்றார். கடையில் விற்கிற கைடு ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன்.

முதல் பெஞ்சில் சுகுணா.

கைடைப் பார்த்து ஒரு கணக்கைப் போர்டில் எழுதி முடித்தேன். அவள் எழுந்தாள்.

"சார், அந்த மூணாவது வரி எப்படி வந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அதே வரியை இன்னும் கொஞ்சம் சத்தமாகப் படித்தேன். அவள் போர்டைப் பார்த்தாள், என் கையில் இருந்த கைடைப் பார்த்தாள்.

"சரி சார்."

உட்கார்ந்துவிட்டாள். அந்த வருஷம் முழுக்க அவள் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. திட்டியிருக்கலாம். மேனேஜரிடம் போய் சண்டை போட்டிருக்கலாம். தினமும் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்து, நான் எழுதுவதை எழுதிக்கொண்டு போனாள்.

அந்த பேட்ச் முடிந்ததும் நானும் வேலையை விட்டேன். எம்பிஏவைச் சொல்லாமல் டிகிரியை மட்டும் காட்டிச் சேர்ந்து, இப்போது சத்தியவேடு பக்கம் ஒரு ஃபேக்டரியில் எச்.ஆர். போன மாதம் நகரி பஸ் ஸ்டாண்டில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். முனிரத்தினம். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"சார், நல்லா கீறீங்களா?"

அதே மரியாதை. சுகுணா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"புத்தூர்ல ஜவுளிக் கடையில பில்லு போடுறா சார். கவர்மெண்ட் எக்ஸாமுக்கும் படிச்சிக்கினு கீறா. சின்னவ இப்ப டிகிரி முடிக்கிறா. அவளும் எம்பிஏன்னு சொல்லிக்கினு கீறா. எங்க சேக்கலாம்? நீங்க சொன்னா சரியா இருக்கும்."

நான் அவரை டீக்கடைப் பக்கம் ஓரமாக அழைத்துக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"அண்ணா, சுகுணாவ அங்க சேர்க்கச் சொன்னது தப்பு. அங்க சொல்லிக் குடுக்க ஆளே இல்ல. எனக்கு அன்னிக்கே தெரியும்."

அவர் டீ கிளாஸை வாயிலிருந்து எடுத்தார்.

"தெரிஞ்சேதான் சொன்னியா?"

"ஆமாண்ணா."

அவர் டீயைக் குடித்து முடிக்கவில்லை. கிளாஸை வைத்துவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டார். ஜன்னல் ஓரம்தான் சீட். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அந்த ஏசி ரூமில் ஒரு நாளைக்கு இருபது குடும்பத்திடம் வாய் ஓயாமல் பேசுவேன். இன்றைக்கு ஃபேக்டரிக்கு வேலை கேட்டு வருகிற ரெஸ்யூமேக்களில் அந்தக் காலேஜ் பேர் இருந்தால் இன்டர்வியூவுக்குக் கூப்பிடாமல் தனியாக எடுத்து வைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. எடுத்து வைக்கிறேன். அதே காலேஜில் படித்தவன் நான் என்று அங்கே யாருக்கும் தெரியாது.