நெடுஞ்செழியனின் சாமுராய்கள்

முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, மின்விசிறிக்கு நேரே நீட்டிக் காயவைத்த பிறகுதான் நெடுஞ்செழியன் பீரோவைத் திறப்பார். பக்கத்தில் நிற்கிறவர் தும்மக்கூடாது. ஒருமுறை என்னையே, "மூச்ச அந்தாண்ட உடு சார்" என்று விரட்டியிருக்கிறார்.

உள்ளே இருப்பவை ஜப்பான் படங்கள். மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றியெடுத்த பழைய சரக்கு. எல்லாமே சாமுராய்கள், முறைத்த கண்ணும் உருவிய வாளுமாக நிற்கிற போர்வீரர்கள். அவருக்குத் திண்டிவனத்தில் லைன்மேன் வேலை. கம்பம் ஏறிச் சம்பாதிப்பதில் பாதி புதுச்சேரிப் பழம்பொருள் கடைக்குப் போகிறது. செருப்புக் கடைக்குப் போனால் செருப்பு வாங்கமாட்டார்; பெட்டிக்குள் கிடக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைக் கேட்டு வாங்கிவந்து படங்களுக்கு நடுவே வைப்பார். மனைவி வேணி திட்டி ஓய்ந்துவிட்டார்.

இந்தப் பித்துக்குக் காரணம் கோபம்தான். அவர் வீடு கிளியனூர் காலனியில். அங்கிருந்து திண்டிவனம்வரை சாலை நெடுக, சாதிக்கொரு வீரன் ஃபிளெக்ஸில் வாளை ஓங்கிக்கொண்டு நிற்கிறான். மின்கம்பத்தில் கட்டியதை அவிழ்க்கப் போனால், 'நீ எந்தத் தெரு?' என்று விசாரிக்கிறார்கள். கேட்கிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

"அவன் தாத்தா வாள் புடிச்சாராம். எங்க தாத்தா அவன் நெலத்துல ஏர் ஓட்னாரு. நான் எந்தப் படத்த மாட்றது? இந்த ஆளுங்கள என்னா சாதின்னு இங்க எவனும் கேக்கமுடியாது சார்."

போன மாதம் கடைக்கு நானும் கூடப் போனேன். குதிரைமேல் உட்கார்ந்த வீரன் ஒருவனை எடுத்து விரித்தார் கடைக்காரர் கோகுலகிருஷ்ணன். விலையை ஏற்ற வேண்டாமா? வாய்கொள்ளாத பெருமையோடு சொன்னார்: "சாதாரண ஆளுங்க இல்ல இவுங்க. அந்த ஊர்ல ஒசந்த வம்சம். கீழ்ச்சாதிக்காரன் மரியாத கொறச்சா அங்கியே வெட்டிப் போடலாம், கேள்வி கெடையாது."

நெடுஞ்செழியன் முகம் கறுத்துவிட்டது. படத்தைத் தொடாமலே இறங்கி நடந்தார். பஸ்ஸில் சீட்டு எடுத்துக்கொண்டே கேட்டார்.

"கம்பம் ஏறி சம்பாரிச்சத இவனுங்களுக்கா கொட்டிக்கினு இருந்தேன்?"

வீட்டுக்குள் நுழைந்ததும் வேணியிடம் தீப்பெட்டி கேட்டார். எதற்கு என்று தெரியாமல் அவரும் கொடுத்துவிட்டார். பீரோவிலிருந்து மொத்தத்தையும் வாரி வாசலில் போட்டார். நான் தடுக்கவில்லை, எனக்கும் எரிச்சல்தான். மேலாகக் கிடந்த படத்தை எடுத்துக் குச்சியை உரசப் போனவர், அப்படியே நின்றார்.

அதிலும் குதிரைமேல் ஒரு வீரன். குதிரைக்குப் பின்னால், ஓரத்தில், வெறுங்காலோடு ஒருவர் மூட்டை சுமந்துகொண்டு நடக்கிறார். விலாவெலும்பு தெரிகிறது. செதுக்கியவன் கால்விரலைக்கூட விடவில்லை.

நெடுஞ்செழியன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். குதிரையும் வாளும் வீரனும் தெரியாதபடி உள்ளங்கையை அகல விரித்து மூடினார். மூட்டை சுமக்கிறவர் மட்டும் வெளியே இருந்தார்.