நான் காட்டிய தப்பு வழியில் என் மகள்

எங்கள் மலை உச்சிக் குகையில் இருக்கும் சேர்வராயன் சாமியை நம்பும் எல்லோரும் இதைக் கேட்க வேண்டும். போன கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, என் மகளை நானே பள்ளத்துக்கு அனுப்பப் பார்த்தேன். தெரிந்து செய்யவில்லை. ஆனால் செய்தது நான்தான்.

நான் தலைச்சோலை மல்லிகா. பொறாமைக்காரி. பக்கத்து வீடு என் கொழுந்தன் மனைவி சாந்தியுடையது. அந்த வாரம் அவள் வாசலில் ஒரு பழைய வேன் வந்து நின்றது. மதுரைப் பக்கத்து வயதான தம்பதி. தையல் மெஷின் ரிப்பேர் கடையை மகனிடம் விட்டுவிட்டு, வேனிலேயே ஊர் ஊராகப் போகிறார்கள். கன்னியாகுமரியில் கிளம்பி ஒரு வருஷம் ஆகிவிட்டதாம். ஒவ்வொரு ஊரிலும் நாலு நாள் தங்குவார்கள். அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடுவார்கள். பதிலுக்கு அங்கே உள்ள மெஷின்களையெல்லாம் காசு வாங்காமல் சரிசெய்து கொடுப்பார்கள்.

எங்கள் ஊர் வழக்கப்படி, வெளியூர்க்காரர் முதலில் எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கிறாரோ, போகும்வரை அந்த வீட்டு விருந்தாளி. அந்த வீட்டார் சொல்லாமல் நாங்கள் சாப்பிடக் கூப்பிட மாட்டோம். இவர்கள் குடித்தது சாந்தி வீட்டில். தினமும் அங்கே கூட்டம். சாமைச் சோற்றின் பக்குவத்தை அந்த அம்மா சாந்தியிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். சாந்திக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே நான்! வயிறு எரிந்தது. என் எட்டு வயது மகள் பவித்ராவும் வேனே கதியென்று கிடந்தாள். என் மெஷினும் ஓடாமல்தான் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாந்தி காபிப் பழம் பறிக்க எஸ்டேட்டுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் அந்த அம்மா என்னிடம் வந்து, பக்கத்து ஊரான செம்மநத்தத்துக்குப் போய்வர எந்த ரோடு நல்லது என்று கேட்டார். எஸ்டேட் ரோட்டு வளைவு மழையில் பாதி சரிந்துவிட்டது எனக்குத் தெரியும்.

"எஸ்டேட் ரோட்டுலயே போயிருங்க. நொம்பக் கிட்டங்க" என்றேன்.

மாட்டிக்கொண்டு அல்லாடட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

வேன் போன கொஞ்ச நேரத்தில் மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், பவித்ரா வரவில்லை. வழியில் வேனை நிறுத்தி, அம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்று பொய் சொல்லி ஏறிப் போய்விட்டாளாம். என் மகள்தானே.

போனில் சிக்னல் இல்லை. ஓடினேன். எஸ்டேட் கேட் பக்கம் கல் தடுக்கி விழுந்தேன். மலை உச்சி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். "சாமி, பொய் சொன்னது நானு. எம்புள்ளயத் திருப்பிக் குடு. எல்லாருக்கும் முன்னால உண்மையச் சொல்லிப்போடறேன்" என்று அழுதேன். எழுந்து மறுபடி ஓடினேன்.

எஸ்டேட் குடியிருப்பு வாசலில் வேன் நின்றது. வளைவுக்கு இன்னும் ஒரு பர்லாங் இருந்தது. பெரியவர் ஒரு மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பவித்ரா பக்கத்தில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். எனக்கு நின்ற இடத்திலேயே அழுகை வந்தது.

நடந்தது இதுதான். காலையில் பழம் பறிக்கும்போது சாந்தி தன் விருந்தாளிகளைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறாள். அதைக் கேட்ட குடியிருப்புப் பெண்கள் வேன் சத்தம் வந்ததும் மெஷினோடு வந்து மறித்திருக்கிறார்கள். வேலை முடிந்து அங்கே வந்த சாந்தி, வளைவு சரிந்ததைச் சொல்லி வேனை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறாள். எந்தப் பெருமை என் வயிற்றெரிச்சலோ, அதை வைத்தே சாமி என் பிள்ளையைக் காப்பாற்றியது.

அத்தனை பேர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். அந்த அம்மா சொன்னார்: "வழி சொல்றவங்கள நம்பித்தாம்மா நாங்க ஊரு ஊராப் போறோம்." அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாந்தி என் முகத்தைப் பார்க்காமலே அவர்களிடம், "ஏனுங்க, இன்னைக்கு அக்கா ஊட்டுல சாப்புடுங்க" என்றாள்.

அன்று என் வீட்டில் சாப்பிட்டார்கள். மறுநாள் என் மெஷினும் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை சாந்தியோடு மலை ஏறி, குகைக்குள் குனிந்து போய்ச் சாமியைக் கும்பிட்டேன்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. வருகிறது. வந்ததும் சாமியிடம் சொல்லிவிடுகிறேன். நல்லவர்கள் கூப்பிட்டால்தான் சாமி வரும் என்று நினைத்து யாரும் சும்மா இருந்துவிடாதீர்கள். என்னைப் போன்றவள் கூப்பிட்டே வந்தது.

போன வாரம் அந்த அம்மா ஆந்திராவிலிருந்து போன் செய்தார். அங்கே ஒரு வீட்டில் சாமைச் சோறு சமைத்துப் போட்டாராம். எல்லோரும் விரும்பிச் சாப்பிட்டார்களாம். சாந்தியின் பக்குவம் என்று சொன்னாராம். அது நான் கற்றுக்கொடுத்தது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. "சந்தோசமுங்க" என்றேன்.