நயினாரின் ஹாரனும் ராஜகிரி நிழலும்

செஞ்சியில் மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் பார்த்தவர்கள் அறுபதுகளில் பலர் இருந்தார்கள். சூரியனையே தன் அதிகாரத்துக்குள் கொண்டுவந்தவர் சாந்திராஜ் நயினார் ஒருவர்தான்.

பொழுது சாய்ந்தபின் உண்ணாமை என்பது சமண வீடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான நோன்பு. இதில் நயினாருக்கென்று தனிப்பெருமை எதுவும் இல்லை. தனிப்பெருமை இல்லாத இடத்தில் நயினாரால் அதிக நேரம் இருக்க முடியாது. ஆகவே ஒரு சட்டம் கொண்டுவந்தார். பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் அஸ்தமனம் மலை இல்லாத ஊர்க்காரர்களுக்கு. செஞ்சிக்கு மேற்கே ராஜகிரி நிற்கிறது. சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் போனதும் கதை முடிந்தது. "மலை மறைச்சா மறைஞ்சதுதான்" என்பார். ஆக, ஊரிலுள்ள மற்ற சமணர்களைவிட நாளொன்றுக்கு அரைமணி நேரப் புண்ணியம் அவருக்குக் கூடுதலாகச் சேர்ந்துகொண்டிருந்தது.

ஒருமுறை மச்சினன் வாசுபூஜ்யன் விருந்துக்கு வந்திருந்தான். அவன் பாயசத்தில் கைவைத்த சமயம் பார்த்து மலையின் நிழல் வாசற்படி ஏறியது. நயினார் இலையை எடுக்கச் சொல்லிவிட்டார். வாசுபூஜ்யன் மரியாதை தெரிந்த பிள்ளை. எழுந்து கை கழுவினான். ஆனால் அந்தப் பாயசத்தை அவன் மறக்கவில்லை.

நயினாரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. பாண்டிச்சேரியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் கப்பலேறும்போது விட்டுப்போனது. அவலூர்பேட்டை சந்தைக்குப் போய்விட்டு வெளிச்சம் இருக்கும்போதே வீட்டில் இலைமுன் உட்காரவேண்டும் என்பதற்காகவே வாங்கியது. அந்த வண்டியில் அவருக்கு மிகவும் பிடித்த உறுப்பு ஹாரன். தன் சக்கரத்தில் ஓர் உயிரும் போகக்கூடாது என்பது அவர் கொள்கை. ஆட்டுக்கு அடிப்பார், அணிலுக்கு அடிப்பார். எறும்புச்சாரை குறுக்கே போனால் வண்டியை நிறுத்தி, கடைசி எறும்பு கரையேறும்வரை அடிப்பார். மாட்டுவண்டிக்காரர்கள் சலாம் போட்டபடி அவரைத் தாண்டிப் போவார்கள்.

அன்று தை மாதத்துச் சந்தை. காலையில் புறப்படும்போது மனைவி ஜெயமாலா ஊறவைத்த பச்சை மொச்சையை முறம் நிறைய வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தாள். பிதுக்கம்பருப்புக் குழம்பு. விரல் நோகாமல் வைக்கமுடியாத குழம்பு. வருஷத்தில் ஒருமுறை மனசு வைத்தால் உண்டு. சந்தையில் மணிலாவை உடைத்து உடைத்துப் பார்த்த நயினாரின் நாக்கு நாள் முழுக்கச் செஞ்சியில்தான் இருந்தது.

சூரியன் மூன்று பனை உயரத்தில் நிற்கும்போதே வேலையை முடித்துக்கொண்டு வண்டியில் ஏறி மிதித்தார். வண்டி 'க்ளக்' என்றது. மறுபடி மிதித்தார். மறுபடியும் அதே பதில்.

செஞ்சி பஸ் போய்விட்டது. அடுத்தது விளக்கு வைத்த பிறகுதான். அங்கேயே சாப்பிடலாம் என்றால், அவலூர்பேட்டை ஓட்டலில், சமணர் தொடாத வெங்காயம் படாதது குடிதண்ணீர் மட்டும்தான். வேறு வழியில்லாமல் ஆயில் இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் தனகோட்டிக்கு ஆள் போயிற்று.

"இன்னா நைனாரே, பேசமாட்டேங்குதா?" என்று கேட்டுக்கொண்டே தனகோட்டி வந்தார்.

"பேசுனா உன்னை ஏன்யா கூப்புடறேன்?"

தனகோட்டி பெட்ரோல் டாங்க்கைத் தட்டிப் பார்த்தார். கார்புரேட்டர் முள்ளை அழுத்தினார், பெட்ரோல் சொட்டியது. பிளக்கைக் கழற்றி ஊதி, தன் துண்டில் துடைத்து, பிறகு யோசித்து நயினாரின் துண்டிலும் துடைத்து, ஒயரோடு சேர்த்து இன்ஜின்மேல் வைத்தார். "மிதிங்க" என்றார்.

நயினார் மிதித்தார். பிளக்கின் முனையைக் கூட்டமே குனிந்து பார்த்தது.

"பொறி வரல" என்று தனகோட்டி தீர்ப்புச் சொன்னார். "அடுப்பு இருக்குது, விறகு இருக்குது, நெருப்புதான் இல்ல. கரண்டு கோளாறு."

"சரி பண்ணு."

"எப்புடிப் பண்றது? ஆயில் இன்ஜின்ல கரண்டே கெடையாது. அதனாலதான் அது நல்ல இன்ஜின்."

அதற்காக அவர் சும்மா இருந்துவிடவில்லை. பொறிக்குக் கரண்டு தரும் காயில் போயிருக்கும் என்று சொல்லி ஒயர்களைப் பிரித்தார். காயில்தான் என்று மேலும் உறுதியாகச் சொல்லிக் கட்டினார். நடுவில் டீ வந்தது. தனகோட்டி ஆற அமரக் குடித்தார். சூரியன் இரண்டு பனைக்கு இறங்கியது. நயினார் சூரியனையும் டீயையும் மாறி மாறிப் பார்த்தார்.

கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த கமலாம்பாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "காலையிலயே அதுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு நைனாரே. எப்பவும் நீங்க வளத்தி ஊரைத் தாண்டறப்பவே எனக்குக் கேக்கும். இன்னிக்கு எதுர்ல வந்து நின்னப்புறம்தான் கேட்டுது."

தனகோட்டி டீக் கிளாஸை வைத்துவிட்டு ஹாரனை அழுத்தினார். கொசு ஒன்று தும்மியது போலிருந்தது. விளக்கைப் போட்டார். உள்ளே சிவப்பாக ஒரு நூல் தெரிந்தது, அவ்வளவுதான்.

"காயில்னு எவன் சொன்னான்? பேட்டரி செத்துப்போச்சு."

நயினார் குனிந்து பேட்டரியைப் பார்த்தார். "என் வண்டியில இதுவரைக்கும் ஒண்ணும் செத்ததில்லையே."

"எவ்ளோ வேகத்துல போவீங்க?"

"மாட்டுவண்டிக்குப் பின்னால."

"எத்தினிவாட்டி ஹாரன் அடிப்பீங்க?"

"ரோட்டுல எத்தினி உயிர் இருக்குதோ அத்தினி."

"அதான். வேகமா போனாதான் டைனமோ பேட்டரிக்குக் கரண்டு அனுப்பும். நீங்க போற வேகத்துக்கு அது படுத்துத் தூங்குது. மிச்சம் மீதியை ஹாரன் குடிச்சிடுது. பொறிக்கு ஏது?"

"அப்ப, உயிருங்களைக் காப்பாத்துனதுதான் கோளாறுங்கிற."

"நான் சொல்லல. பேட்டரி சொல்லுது."

ஏரிக்கரை இறக்கத்தில் வைத்துச் சந்தையே கூடித் தள்ளியது. வண்டி இருமி, புகை கக்கி, உயிர் பெற்றது. தனகோட்டி கூடவே ஓடிவந்து மூன்று கட்டளைகள் போட்டார். வேகத்தைக் குறைக்கக்கூடாது, நிறுத்தக்கூடாது, ஹாரனைத் தொடவே கூடாது. தொட்டால் வண்டி நின்றுவிடும், நின்றால் நின்றதுதான்.

நயினாருக்கு முன்னால் இரண்டு அறங்கள் நின்றன. ஒன்று ரோட்டில் குறுக்கே போகும் உயிர்கள். மற்றொன்று குழம்பு. இரண்டையும் காக்க ஒரே வழிதான் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, தானே "பாம்... பாம்..." என்று கத்த ஆரம்பித்தார். ஆடுகள் ஒதுங்கின. மாட்டுவண்டிக்காரர்கள் முதல்முறையாக அவருக்கு வழிவிட்டார்கள், பயத்தில்தான்.

அவர் தெருவுக்குள் நுழைந்தபோது சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போயிருந்தது. வீட்டு வாசல் நிழலில், கால்மேல் கால் போட்டு வாசுபூஜ்யன் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க மாமா" என்றான். "நான் அப்பவே சாப்டுட்டேன். குழம்பு பிரமாதம். உங்களுக்குத்தான் மலை மறைச்சிருச்சு."

நயினார் இறங்கவில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கிய கையை எடுக்காமல் தெருவின் கிழக்குக் கோடியைப் பார்த்தார். தூரத்தில் அரிசி மில் புகைபோக்கியின் உச்சியில் இன்னும் வெயில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"அங்க இன்னும் அஸ்தமிக்கல" என்றார், தொண்டை கட்டிய குரலில்.

"அங்க புகைபோக்கிதான் இருக்குது மாமா. குழம்பு இங்க இருக்குது."

இதற்குள் ஜெயமாலா அடுக்குக் கேரியரோடு வெளியே வந்துவிட்டாள். கணவர் வரும்வரை அவளும் சாப்பிட்டிருக்கவில்லை. "ஓட்டுங்க" என்று சொல்லிப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

திண்டிவனம் ரோட்டில் மலையின் நிழலும் மோட்டார் சைக்கிளும் கிழக்கே ஓடின. நயினாரின் தொண்டை முழுக்க அடைத்துக்கொண்டதால், ஹாரன் பொறுப்பை ஜெயமாலா ஏற்றாள். வாத்துக்கூட்டம் ஒன்று அவள் போட்ட சத்தத்தில் வரிசையாக வயலில் குதித்தது.

ஊரைத் தாண்டி, நெல் அடிக்கும் களத்துமேட்டில் வெயிலைப் பிடித்தார்கள். அங்கேதான் ஒரு சிக்கல். முறுக்குவதை விட்டால் வண்டி நின்றுவிடும். முறுக்கும் கை வலது கை. சாப்பிடும் கையும் அதுவே.

"நீங்க முறுக்குங்க" என்று ஜெயமாலா களத்தில் உட்கார்ந்து கேரியரைத் திறந்தாள். "நான் மொதல்ல சாப்புடறேன். காலையிலருந்து பிதுக்குனவ நான்தான்."

நயினார் முறுக்கிக்கொண்டே பார்த்திருந்தார். அவள் அவசரமே படவில்லை. பிறகு எழுந்துவந்து, சோற்றைப் பிசைந்து உருட்டி அவர் வாயில் ஊட்டினாள். நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் திண்டிவனம் பஸ் வந்தது. உள்ளே பாதிச் செஞ்சி உட்கார்ந்திருந்தது. சட்டம் போடும் நயினார், மூக்கில் குழம்போடு வாயைத் திறந்து நிற்பதைப் பார்க்கட்டும் என்று டிரைவர் பஸ்ஸை மெதுவாகவே ஓட்டினார். போகும்போது நீளமாக ஒரு ஹாரனும் அடித்தார்.

கடைசி உருண்டையை எடுத்தபோது நிழல் களத்தில் ஏறி, முன்சக்கரத்தைத் தொட்டது.

ஜெயமாலா கையை அந்தரத்தில் நிறுத்தினாள். "மலை மறைச்சா மறைஞ்சதுதானே?"

நயினார் கிழக்கே பார்த்தார். பக்கத்து வயலில் இன்னும் கொஞ்சம் வெயில் இருந்தது.

"ஏறு" என்றார்.

இருட்டு நன்றாகக் கட்டிய பிறகு, புருஷனும் பெண்டாட்டியும் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குள் வந்தார்கள். வாசுபூஜ்யன் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்தான்.

"மாமா, இன்னிக்கு அஸ்தமனம் எந்த எடத்துல?"

"பேட்டரி தீர்ந்த எடத்துல" என்று சொல்லிவிட்டு, நயினார் வாய் கொப்பளிக்கப் போனார்.